சலூன்காரரின் தாடி

ஒரு சலூன்காரன் தாடி வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. "உன் கத்தி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். "காதல் தோல்வியா?" என்று மீதிப் பேர் கேட்டார்கள். முதல் கேள்விக்கு அவன் சிரித்து வைப்பான். இரண்டாவது கேள்வி வந்தால், கேட்டவரின் தலையைக் குனிய வைத்துப் பிடரியில் மெஷினை ஓட விட்டுவிடுவான். மெஷின் ஓடும்போது தலையை ஆட்டிப் பேச முடியாது. அந்தத் தொழிலில் அப்படி ஒரு சௌகரியம் உண்டு.

தாடி என்றால் கொஞ்சநஞ்சத் தாடி இல்லை. மார்பைத் தொட்டது. தலைமுடி தோளில் புரண்டது. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து, "கடைக்காரர் எப்ப வருவார்?" என்று அவனிடமே கேட்டுவிட்டுப் போனார்கள். துணிந்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் நிம்மதி இல்லை. கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தால், தனக்குப் பின்னால் காட்டிலிருந்து இறங்கி வந்த ஒருவன் கத்தியோடு நிற்பதுதான் தெரியும். பழைய ஆட்கள் பழகிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழுதன, பெற்றவர்கள் அவர்களை அடுத்த தெருக் கடைக்குத் தூக்கிப் போனார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சினிமா. ஆனால் சினிமாவை மட்டும் குற்றம் சொன்னால் அது பொய். ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடை அப்பாவுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, பெரியவர்கள் முகத்தில் நுரை போடுவது சின்ன வயதில் அவன் வேலை. அப்போது வந்தவர்கள் எல்லாரும் தம்பி என்றார்கள். பெட்டி போனது, படிப்பு போனது, பெயர் போகவில்லை. நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதிலும் ஊருக்கே அவன் தம்பிதான். கல்லூரிப் பையன்கள் மரியாதை குறையக் கூடாதென்று "தம்பி அண்ணே" என்று கூப்பிட்டார்கள்.

மாடியில் ஓர் அறையில் அவன் படுக்கை. கடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, வாய் விழவில்லை. ஒவ்வொரு நாளும் கடையின் முதல் சவரம் அவருக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டே, "இடது கிருதா ஒரு நூல் இறக்கம்" என்பார். இருக்கும். நாற்காலிக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த தரை இரண்டு ஆட்களின் காலத்தில் தேய்ந்து வழவழத்துவிட்டது. அக்காவின் கல்யாணத்துக்கு வெளியூர் போனபோதுகூட, கடைச் சாவி தன்னிடம் இருக்கிறது என்று சொல்லி அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்தவன் அவன். பூட்டிய கடைக்கு யார் வரப் போகிறார்கள் என்று அக்கா கேட்டதை அவன் காதில் வாங்கவில்லை.

அந்தக் கடை அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்காது. மத்தியானத்தில் ஆள் இல்லாதபோது, சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்த அந்த அறையில், எந்தப் பக்கம் பார்த்தாலும் அவனே நின்றுகொண்டிருப்பான். மூச்சு முட்டும். வாசலுக்கு வந்து நிற்பான். பஸ் போகிற பாதையைப் பார்ப்பான். பிறகு துண்டுகளை உதறி மடிக்க உள்ளே போய்விடுவான்.

வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி பின்சுவர்க் கண்ணாடியைப் பார்த்திருக்கும். ஆகவே அவன் தெருவைப் பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதில் வேலை பார்த்த பெண்ணை, முடி வெட்டிக்கொண்டே, வருஷக்கணக்கில் அவன் அந்தக் கண்ணாடியில் பார்த்து வந்தான். அவள் எப்போது ஷட்டரைத் தூக்குவாள், எப்போது டிபன் டப்பாவைத் திறப்பாள், வாடிக்கையாளர் போனபின் எப்படிக் கழுத்தைச் சொடுக்குவாள் என்பதெல்லாம் அத்துப்படி. பேசியதில்லை. தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் ஒரு தலைமையாசிரியரின் காது நுனியைச் சீவிவிட்டான். படிகாரக் கல்லைத் தேய்த்துச் சமாளித்தாலும், கண் மங்குகிறது என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனான். அவளை நேருக்கு நேர் பார்த்ததும் திகைத்துப்போய் நின்றான்.

"என்ன சார், என்ன பார்க்கறீங்க?" என்று கேட்டாள்.

"உங்க வகிடு மாறியிருக்கு."

"பொறந்ததுல இருந்து எனக்கு இந்தப் பக்கம்தான் வகிடு."

சொன்னபிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. தெருவைத் தாண்டி அவன் கடைக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் காது வரை சிவந்துபோனான்.

கண் பரிசோதனையிலும் அவன் அவளைப் படாத பாடு படுத்தினான். ஒரு வில்லையைப் போட்டு, மாற்றி இன்னொன்றைப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று அவள் கேட்டாள். இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை, எது என்று கேட்டேன் என்றாள். அவன் யோசித்தான். மறுபடியும் ஒரு தடவை காட்டச் சொன்னான். ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் இந்த நாற்காலியிலிருந்து இறங்க முடியாது என்று அவள் அதட்டிய பிறகு, பயத்தில் ஒன்றைச் சொன்னான். நல்ல வேளையாக அது சரியாக இருந்தது.

அதன்பின் அவன் கண்ணாடியின் திருகாணி அடிக்கடி லூசாக ஆரம்பித்தது. ஒருவனுடைய திருகாணி வாராவாரம் லூசானால் அது கண்ணாடியின் கோளாறு இல்லை என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அதைக் கழற்றி, துடைத்து, முடுக்கிக் கொடுத்தாள். மத்தியான நேரங்களில் பேச்சு வளர்ந்தது. அவளுக்கு ஒரு தரம் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளில்லை அவள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லுவாள். அவனோ எதையும் மென்று முழுங்குகிறவன். இரண்டும் நன்றாகத்தான் ஒட்டின.

அப்போது அவள் கம்பெனி ஒரு பெரிய ஊரில் புதுக் கிளை திறப்பதாகவும், அதை அவளே நடத்த வேண்டுமென்றும் சொன்னார்கள். பஸ்ஸில் ஒரு பகல் தூரம். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ஊர்லயும் மனுஷங்களுக்கு முடி வளருது. எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு கடை தள்ளி இடம் காலியா இருக்கு, பார்த்துட்டு வந்தேன். வர்றீங்களா?"

ஒரு பெண் இதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பாள்? அவனுக்குச் சந்தோஷம்தான். "அப்பா இருக்காரே" என்றான்.

அவள் அவன் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இவளைக் கட்டிக்கொண்டு முதலில் கிளம்பு என்று உத்தரவே போட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து அப்பா, "போறவன் போகட்டும். எனக்கு வழிச்சுவிட ஊர்ல ஆளா இல்லை" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு அக்கா கூடத்தையும் நேராக்கிக் கொடுத்துவிட்டாள். இனி ஆட வேண்டியதுதான் பாக்கி.

அவனுக்குப் பயம் வந்துவிட்டது. புது ஊரில் தன்னைத் தம்பி என்று கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, வா வா என்று எல்லாரும் கூப்பிட்டால் கூண்டுக்குள் இருக்கிறவனுக்கு என்ன செய்யத் தோன்றும்? கூண்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். எனக்குக்கூட அவன் மேல் கோபம்தான். ஆனால் அந்தப் பயம் நிஜமானது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வாரம்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

தெருவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்களில் ஓர் உதவி இயக்குநர் சவரம் செய்துகொள்ளக் கடைக்குள் நுழைந்தார். முகம் வழிக்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றாதவர், அதனால் தொப்பிக்காரர். நுரை கலக்கத் திரும்பிய தம்பியின் முதுகைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்படியே நில்லுங்கள், கொஞ்சம் நடங்கள், தோளைத் தளர்த்துங்கள் என்று கேட்டு, போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். அவர்கள் கதாநாயகனின் முதுகும் இவன் முதுகும் ஒரே அச்சாம்.

கதையையும் அவரே சொன்னார். ஊர்சுற்றி ஒருவன். எந்த ஊரிலும் மாதம் முடியத் தங்காதவன். நாலு வேலை தெரியும், ஒன்றையும் முடிக்கமாட்டான். பேச்சில் ஆளை மயக்கிவிடுவான். ஒரு ஊருக்கு வந்தவன் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணைப் பார்க்கிறான். அவளைத் தினமும் பார்ப்பதற்காகத் தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொள்கிறான். கையெழுத்துப் போடுகிற சாக்கில் காதல் முற்றுகிறது. கடைசியில் பழக்கதோஷம், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். தெரு முக்கு வரை போகிறான். அங்கே நின்று திரும்புகிறான். அந்தத் திரும்புகிற இடம்தான் படத்தின் உயிர்.

போவது முதுகு, திரும்புவது முகம். முகத்துக்கு ஆள் இருக்கிறார், அவருக்கு வேறு படங்கள் இருப்பதால் முதுகுக்குத்தான் ஆள் தேவை. ஊர்சுற்றிக்கு நீண்ட முடியும் மார்பு வரை தாடியும் உண்டு. நடக்கும்போது தாடி பக்கவாட்டில் தெரியும். அதனால் வளர்க்க வேண்டும். தம்பி அன்றைக்கே ஒப்புக்கொண்டான். வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் அவன் சரி சொன்னதில்லை.

கண்ணாடிக்காரியிடம், "படம் முடிஞ்சதும் போயிடலாம்" என்றான். அவளும் குஷியாகத்தான் இருந்தாள். கம்பெனியில் பேசிப் புதுக் கிளையைத் தள்ளிப்போட வைத்தாள். தாடி வளர வளர, இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் மேடு என்று கிண்டல் செய்தாள். மழைக்காலம் போய் வெயில் ஏறியபோது ஆள் முழு ஊர்சுற்றியாக மாறியிருந்தான். தோற்றத்தில்தான்.

படப்பிடிப்பு நாளில் தெரு முழுக்கக் கூட்டம். கதாநாயகனின் அழுக்குச் சட்டையைப் போட்டு, செய்தித்தாள் அடைத்த ஒரு பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். இயக்குநர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "போறவன் மாதிரி போகணும். திரும்பிப் பார்க்கக் கூடாது."

நடந்தான். "இது பால் வாங்கப் போற நடை" என்றார் இயக்குநர். மறுபடி நடந்தான். இது கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்தவன் நடை என்றார். அதுவும் சரிதான், கடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். திரும்பத் திரும்ப நடந்து வெயிலில் மூஞ்சி வெந்துபோயிற்று. கூட்டம் சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து அப்பா, "அவனுக்கு எங்க போகத் தெரியும்" என்று சத்தமாகச் சொன்னது தெரு வரை கேட்டது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணாடிக்காரி தன் கடை வாசலில் நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை நடந்தபோது ஏதோ ஆகிவிட்டது. பை கனக்கவில்லை. கால் தரையில் ஒட்டவில்லை. தன் கடையைத் தாண்டினான், எதிர்க்கடையைத் தாண்டினான், நிற்கச் சொல்லி சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த தெரு முக்கையும் தாண்டினான். பஸ் போகும் பாதையில் நடந்துகொண்டே இருந்தான். மனதுக்குள் புது ஊரில் ஒரு கடை, அவள் கடைக்கு ஒரு கடை தள்ளி. கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டே போனான். பின்சுவரில் வேண்டாம், பக்கச் சுவரில் மாட்டினால் தெருவை நேராகவே பார்க்கலாம். பஸ் நிறுத்தத்தையும் தாண்டிய பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து குறுக்கே நின்றது.

"அண்ணே, கட் சொல்லி எவ்வளவு நேரம் ஆச்சு. ஏறுங்க."

ஏறினான். பின்சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, போன வழியே திரும்பி வந்தான். இயக்குநர் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இதுதான் போகிற நடை என்றார். அந்த நடை எங்கிருந்து வந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட.

யூனிட் கிளம்பும்போது தொப்பிக்காரர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கதாநாயகன் திரும்புகிற காட்சியை இதே தெருவில் எடுக்க வேண்டும். அப்போது ஒட்டுவதற்கு இந்த முதுகு மறுபடியும் தேவைப்படும். கதாநாயகனின் தேதி கிடைத்ததும் வந்துவிடுவோம் என்றார். "அதுவரைக்கும் முடியிலயும் தாடியிலயும் கத்தி படக்கூடாதுண்ணே. ஒரு இழை குறைஞ்சாலும் திரையில காட்டிக் கொடுத்துடும்." முடி விஷயம் சலூன்காரனுக்குத் தெரியாதா? சத்தியமே செய்து கொடுத்தான்.

காத்திருந்தான். போன் செய்தால், "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றோம்ணே" என்பார் தொப்பிக்காரர். பிறகு அடுத்த மாதம் ஆயிற்று. பிறகு போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இலவு காத்த கிளியாவது பசியில் காத்தது. இவன் எதற்குக் காத்தான்?

வெயிலில் தாடிக்குள் வியர்த்து அரித்தது. சாப்பிட்டால் அதில் ஒட்டியது. குனிந்து வேலை செய்தால் வாடிக்கையாளரின் நெற்றியில் உரசியது. முகம் வழித்துக்கொள்ள வருகிறவர்கள் குறைந்தார்கள். அப்பா ஒருநாள் நுரை பிரஷ்ஷைத் தட்டிவிட்டார். "முதல்ல உன் மூஞ்சியைப் பாருடா, அப்புறம் என் மூஞ்சிக்கு வா" என்றார். அன்றிலிருந்து அவர் முகத்திலும் நரைத்த முள் வளர்ந்தது. ஒரே கூரைக்குக் கீழே சுவரெல்லாம் கண்ணாடி, கைக்கு எட்டும் தூரத்தில் கத்தி, இரண்டு தாடிக்காரர்கள்.

அக்கா போனில் திட்டினாள். கம்பெனி கண்ணாடிக்காரியை நெருக்கியது. வருகிறாயா, இல்லை வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டார்கள். அவள் ஒரு மத்தியானம் தெருவைத் தாண்டி வந்தாள். அந்தக் கடைக்குள் பெண்கள் வருவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தான். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததே இல்லை. கழுத்தில் துண்டைச் சுற்றினாள். கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள். பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் பொருத்தினாள். எதிரே இருந்து இவ்வளவு நாளும் அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கிண்ணத்தில் நுரை கலக்கி பிரஷ்ஷை எடுத்து வந்தபோது, அவன் இரண்டு கைகளாலும் தாடியைப் பொத்திக்கொண்டான்.

அவள் நின்றுவிட்டாள்.

"வாக்கு குடுத்திருக்கேன்" என்றான். "அவங்க வந்துட்டா?"

"வரலைன்னா?"

"வந்துடுவாங்க."

கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தபடி அவள் நிதானமாகத்தான் பேசினாள். "முதல்ல அப்பான்னு சொன்னீங்க. இப்ப படம்னு சொல்றீங்க. நீங்க படத்துக்காகத் தாடி வளர்க்கலை. தாடி போயிடக் கூடாதுன்னு படத்தைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. அன்னைக்குக் கேட்டேன்ல, அதேதான் கேட்கறேன். இதுவா, அதுவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அப்பா இருமாமல்கூடக் காத்திருந்தார். அவன் பொத்திய கைகளை எடுக்கவே இல்லை. ஆப்பசைத்த குரங்கின் கதைதான். ஒரே வித்தியாசம், இவன் வாலை இவனே பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் பிரஷ்ஷைக் கழுவி, உதறி, இருந்த இடத்தில் வைத்தாள். பிளேடைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டாள். ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய காலையில் அவன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியில் அவள் பெட்டியோடு கடையைப் பூட்டுவது தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். பாதி வழித்த முகத்தை விட்டுவிட்டு ஓட முடியுமா என்று பிறகு அவன் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். ஓடலாம். யார் தடுத்தார்கள்? அவன் மீதிக் கன்னத்தையும் வழித்தான். பவுடர் போட்டு முடித்து நிமிர்ந்தபோது கண்ணாடியில் தெரு மட்டும்தான் இருந்தது.

எதிர்க்கடைக்கு ஒரு புது ஆள் வந்தான். மாதங்கள் போயின. பிறகு ஒருநாள் சந்தைச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். அதில் கதாநாயகன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

தம்பி போஸ்டரைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றான். திரும்புகிற காட்சியை எடுக்க யாரும் வரவில்லையே, படம் எப்படி வந்தது? பகல் காட்சிக்குப் போனான். ஜனம் விழுந்து புரண்டு சிரித்தது. பதிவுத் தபாலுக்கு ஒரு கைதட்டல், தபால் ஆபீஸ் பெண் முறைத்ததற்கு ஒரு விசில். கடைசியில் அவன் தெரு வந்தது. அவன் முதுகு நடந்தது. முக்கையும் தாண்டிப் போனது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சட்டென்று கதாநாயகன் திரும்பினான். எல்லாரும் எழுந்து கத்தினார்கள். தம்பி மட்டும் அந்தத் தாடியையே பார்த்தான். காது ஓரத்தில் முடி எதிர்த் திசையில் படிந்திருந்தது. ஒட்டுத்தாடி.

வெளியே வரவேற்பறையில், படம் ஓடும் ஊர்களைச் சுற்றி வந்த சினிமாக்காரர்கள் ஜனங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்காரருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவனே போய்ச் சொன்ன பிறகு ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களா? இதை இன்னுமா எடுக்கலை?"

"நீங்க வர்றேன்னு சொன்னீங்களே."

"அந்தத் திரும்புற சீனை அப்பவே செட்டு போட்டு முடிச்சுட்டோமேண்ணே. இங்க இருந்து போன அந்த மாசமே. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

அந்த மாதமே. அவள் நுரை கலக்கிக்கொண்டு வந்து நின்றபோது அவனைப் பிடித்துவைக்க உலகத்தில் எதுவும் இல்லை. தொப்பிக்காரருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். அவன் தோளைத் தட்டி, படம் நன்றாக ஓடுகிறது, ஓடினால் ரெண்டாம் பாகம் எடுத்தாலும் எடுப்பார்கள், எடுத்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். அது தம்பிக்கும் தெரியும்.

மறுநாள் ஒருவர் முகத்தில் நுரை போட்டு முடித்த நேரத்தில் கடைப் போன் அடித்தது. அவள் குரல்.

"படம் பார்த்தேன். எல்லாரும் அவர் திரும்பினப்ப கை தட்டினாங்க. நான் அதுக்கு முன்னாடியே அழுதுட்டேன்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அன்னைக்கு முக்கையும் தாண்டி நடந்தீங்களே, எங்க போறதா நினைச்சு நடந்தீங்க?"

அவனுக்குப் பதில் தெரியும். பக்கச் சுவரில் கண்ணாடி மாட்டிய அந்தக் கடை இன்னமும் மனதில் அப்படியே இருந்தது. அதைச் சொன்னால் போதும்.

"சும்மா... நடிப்புதானே" என்றான்.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கடை இன்னும் காலியாத்தான் இருக்கு. படமும் முடிஞ்சிடுச்சு. இப்ப என்ன?"

கண்ணாடியில் தாடிக்காரன் ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் வாய் அசைந்ததை இவன் பார்த்தான்.

"ரெண்டாம் பாகம் எடுக்கப் போறாங்களாம்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அப்படியா, நல்லது" என்றாள். "திருகாணி லூசானா எதிர்க்கடையிலயே குடுங்க. அந்தப் பையனும் நல்லாத்தான் முடுக்குவான்."

போன் வைத்த சத்தம் கேட்டது. திரைக்குப் பின்னால் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அவன் கத்தியை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து, தன் கன்னத்தருகே கொண்டு போனான். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தம்பி, நுரை காயுது."

"இதோ வந்துட்டேன்" என்று அவர் பக்கம் திரும்பினான்.